ஏழாம் எண் கட்டை

மே 24, 2018

அடுப்பு வாயில் வைத்திருந்த சீவல் குச்சியின் அடியில் நீலப் பெயின்ட் இருந்தது. முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

குக்கெலிக் குளத்துக் குடிசையைப் பெருக்கப் போயிருந்தேன். பனி விலகியதும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் எல்லாக் குடிசைகளையும் பெருக்கி, படுக்கைப் பலகைகளைத் துடைத்து, கழிப்பறைக்கு மரத்தூள் நிரப்ப வேண்டும். பூங்கா அலுவலகம் அப்பாவுக்குக் கொடுத்திருக்கும் வேலை. அவர் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார், அதனால் நான் தனியாகப் போனேன். தனியாகப் போவதுதான் எனக்கும் பிடிக்கும்.

அந்தக் குடிசைகளுக்குப் பூட்டு கிடையாது. யார் வந்தாலும் தங்கலாம். கிளம்பும்போது அடுத்து வருபவருக்கு விறகு வெட்டி அடுப்பருகே அடுக்கிவிட்டுப் போக வேண்டும். கூடவே பற்றவைக்க ஒரு சீவல் குச்சி. கத்தியால் மெல்லியதாகச் சீவி, சுருள்கள் உதிராமல் குச்சியிலேயே நிற்கும்படி விட்டால் ஒரே தீக்குச்சியில் பிடிக்கும். யாரோ நேர்த்தியாகச் சீவி வைத்திருந்தார்கள். ஆனால் அந்தச் சுருள்களைப் பார்க்க ஏதோ ஒரு மாதிரி இருந்தது. என்னவென்று தெரியவில்லை.

நீலம் தைமியின் நிறம், இங்கே செத்த மரங்களை ஆராய வருபவள். அவளுடைய ஆராய்ச்சிக் கட்டைகளின் முனைகளில் மட்டும்தான் அந்த நீலம் உண்டு. குடிசைக்குப் பின்னால் ஓடிப் போய்ப் பார்த்தேன். அடையாளத்துக்கு நட்ட நீளத் தடி அப்படியே நிற்கிறது. ஏழாம் எண் கட்டையைக் காணோம். கொஞ்சம் மரத்தூள் கிடந்தது.

அடுப்புக்கு இரு பக்கமும் அடுக்கியிருந்த விறகைப் புரட்டினேன். இன்னும் சில துண்டுகளில் நீலம்.

குச்சியை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன்?

மே 25

அப்பாவிடம் சொல்லவில்லை. பூங்காவுக்குள் மோட்டார் ரம்பம் எடுத்துப்போக அனுமதி உள்ள ஒரே ஆள் அப்பா. ஏப்ரலில் குடிசைகளுக்குப் பனிவண்டியில் விறகு கொண்டுபோய்ப் போடுவதும் அவர்தான்.

மே 30

தைமி வந்துவிட்டாள். பஸ் பிர்க்கோவின் கடை வாசலில் நிற்கும். முதுகில் ஒரு மூட்டை, மார்பில் ஒரு மூட்டையோடு இறங்கினாள்.

"ஏ ஊமைக்கோட்டான். நான் ஊர்ல இல்லாதப்ப எத்தன வார்த்தை பேசின?"

"மூணு."

"பரவால்லையே. போன வருஷத்துக்கு ஒண்ணு ஜாஸ்தி."

அவளிடம் மட்டும் எனக்கு வாய் வருகிறது. ரொவானியெமி நகரில் மேல்படிப்புக்குச் சேர்ந்தபோது, எழுந்து நின்று பேசச் சொன்ன நாட்களில் எல்லாம் நின்றுவிட்டு உட்கார்ந்தேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பப் போகவில்லை. அம்மா, தான் வேலை பார்க்கும் நோர்வே மீன் தொழிற்சாலையிலிருந்து போன் போட்டு அப்பாவிடம் அழுதாள். போனை நான் எடுக்கவில்லை. போனில் பேச எனக்கு வராது.

போன கோடையில் தைமி, "சும்மாதானே இருக்க, என் டப்பாவைத் தூக்கிட்டு வா" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. செத்த பைன் மரத்துக்கு முதலில் எந்த வண்டு குடிவரும், அது காலி செய்த பிறகு எந்தக் காளான் வரும் என்று பார்ப்பதுதான் அவள் முனைவர் பட்ட ஆராய்ச்சி. "நான் லாட்ஜ் நடத்துறேன் ஹில்லா, யாரும் வாடகை தர்றதில்ல" என்பாள். அவளுக்கு ஓர் அறக்கட்டளை உதவித்தொகை கொடுக்கிறது. தேசியப் பூங்காக்களில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்பவர்களுக்கு மட்டும் தரும் தொகை. இந்த ஆகஸ்டில் ஆட்கள் நேரில் வந்து கட்டைகளைப் பார்ப்பார்கள். சரி என்றால் கடைசி ஆண்டும் உண்டு. இல்லையென்றால் இவ்வளவு நாள் செய்தது அந்தரத்தில் நிற்கும்.

"கடைசி வருஷத்துக்கு உதவியாள் வெச்சுக்கலாமாம். உன் பேரத்தான் எழுதப் போறேன். கையெழுத்து போடத் தெரியுமில்ல?"

சிரித்தேன். பையில் இருந்த குச்சி முதுகில் குத்திக்கொண்டே இருந்தது.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை.

ஜூன் 3

இன்று கட்டைகளைச் சுற்றி வந்தோம். ஒவ்வொன்றிலும் துளை போட்டு உள்ளே வெப்பமானி செருகியிருக்கிறது. அவள் படித்துச் சொல்வாள், நான் குறித்துக்கொள்வேன். ஆறு கட்டைகள் முடிந்து குக்கெலிக் குடிசைக்கு வந்தோம். இப்போது அலறப் போகிறாள், உட்கார்ந்து அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் தடி வரைக்கும் நடக்கவே இல்லை. குடிசைப் படியிலேயே நின்றுகொண்டு, "ஏழு போயிடுச்சு போல. பனி உருகின தண்ணி குளத்துக்குள்ள தள்ளியிருக்கும். அப்படியே எழுதிக்கோ" என்றாள்.

எழுதினேன்.

கட்டிப்பிடித்தால் கைகள் தொடும் அளவு கனமான கட்டை. அது கிடந்த இடம் பள்ளம். குளம் மேட்டில். தண்ணீர் எப்படி மேலே தள்ளும்? எனக்கே தெரிகிறது. அவளுக்குத் தெரியாதா?

"எட்டுக்குப் போலாமா?" என்றாள். வழியெல்லாம் ஒரு ஜோக்குகூட அடிக்கவில்லை.

ஜூன் 4

அப்பாதான் வெட்டினார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்காகச் சும்மா இருக்கிறாள். அதுவா?

அதுவாக இருந்தால் நான் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஜூன் 8

கேட்டுவிட்டேன். அப்பா உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏப்ரல்ல குக்கெலிப் பக்கம் ரம்பத்தோட போனீங்களாப்பா?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மா."

"சும்மா கேக்குற பொண்ணு கெடையாதே நீ."

ஒரு கிழங்கைத் தோல் போய், சதையும் போய், பட்டாணி அளவுக்கு ஆகும்வரை செதுக்கினார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "விறகு இருக்குதில்ல அங்க?" என்றார்.

"நிறைய இருக்கு."

"அப்பச் சரி."

ஜூன் 9

நான் ரம்பத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் ஏன் விறகைப் பற்றிக் கேட்டார்?

ஜூன் 23

யுஹான்னுஸ், நடுக்கோடைத் திருவிழா. ஏரிக்கரையில் பெரிய தீ. அம்மா வந்திருந்தாள், இரண்டு நாள் இருப்பாள். தைமியை பிர்க்கோ இழுத்துக்கொண்டு போய் ஆடவைத்தாள். "வண்டு பொண்ணே, வண்டு மாதிரியாவது ஆடேன்டீ" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். தைமியும் சிரித்தாள். நெருப்பில் யாரோ ஒரு பெரிய பைன் கட்டையைத் தூக்கிப் போட்டார்கள். அப்போது மட்டும் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 6

பூங்கா அலுவலகத்திலிருந்து அப்பாவுக்குப் போன். குக்கெலிக் குடிசைப் பின்பக்கம் மரத்தூள் கிடப்பதைக் காவலர் ஒருவர் பார்த்துவிட்டாராம். ஆராய்ச்சிக் கட்டை தண்ணீரில் போகவில்லை, யாரோ அறுத்திருக்கிறார்கள் என்று பேச்சு. நான் நடைவழியில் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அப்பா வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், "நான்தான். விழுந்த மரம்னு நெனச்சு ஏப்ரல்ல அறுத்துட்டேன்" என்றார்.

எனக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. தெரிந்துவிட்டதே. அப்புறம்தான் யோசித்தேன். குளிர்காலத்துக்குக் குடிசை வேலையை அவரிடம் கொடுப்பார்களா? ஆராய்ச்சிப் பொருளைச் சேதம் செய்தவரிடம்? ஆகஸ்டில் வருகிறவர்களுக்கும் சொல்வார்களாம்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "காதுல விழுந்துச்சா?"

தலையாட்டினேன்.

"விழுந்தது விழுந்ததாவே இருக்கட்டும்."

ஜூலை 9

பால் வாங்கப் போனேன். பிர்க்கோ பேசிக்கொண்டே இருந்தாள், நான் சில்லறையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அந்தப் பனிவண்டி பெல்ட்டு சரியா இருந்துச்சாடீ? உங்கப்பா ஏப்ரல் பூரா தெனம் வந்து பார்சல் வந்துச்சா பார்சல் வந்துச்சான்னு என் உயிர எடுத்தாரு. வந்தது மே மாசம். அதுக்குள்ள பனியே போயிரும் போலிருந்துச்சு."

பாலை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். திரும்பப் போய் எடுத்துவர வேண்டியதாயிற்று.

ஏப்ரல் முழுக்கப் பனிவண்டி கொட்டகையில்தான் நின்றது. எனக்கும் தெரியும், மறந்திருந்தேன். வண்டி இல்லாமல் ரம்பத்தோடு குக்கெலி வரைக்கும் போகவே முடியாது. அப்பா அறுக்கவில்லை.

அப்படியானால் ஏன் அறுத்தேன் என்றார்?

இன்னொன்றும். வண்டி இல்லாமல் விறகும் கொண்டுபோயிருக்க முடியாது. ஆனால் ஏப்ரலில் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "எல்லாக் குடிசைக்கும் விறகு போட்டாச்சு" என்று சொன்னதை நானே கேட்டேன். வண்டி சரியானதும் மே முதல் வாரம் அவசரம் அவசரமாகத் தனியாகப் போய்வந்தார். என்னைக் கூட்டிப்போகவில்லை.

ஏப்ரலில் அந்தக் குடிசையில் விறகே இல்லை. அந்த மாதக் கடைசியில் அடித்த பெரிய புயலில் யாரோ வந்து மாட்டியிருக்கிறார்கள்.

யார்?

ஜூலை 17

மழை. பதினொன்றாம் கட்டை அருகில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தோம். நான் சுள்ளி பொறுக்கினேன். தைமி குச்சி சீவினாள். கொசு மொய்த்தது. அவள் ஓவுலு நகரத்தில் தன் அறைத் தோழி காளானை வளர்க்கிறேன் என்று குளிர்பெட்டியை நாறடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதையைக் கேட்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடது கை.

சுருள்கள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து எழுந்தன. அப்பா சீவினால் வலப்பக்கம் சாயும். என்னுடையதும் அப்படித்தான். நான் பார்த்த எல்லோருடையதும் அப்படித்தான். என் பையில் இருக்கும் குச்சி மட்டும் இல்லை.

"என்ன, பேயப் பாத்த மாதிரி உக்காந்திருக்க?"

"கொசு" என்றேன்.

ஜூலை 18

தைமிதான். அவள் கட்டையை அவளே அறுத்திருக்கிறாள். ஏப்ரல் கடைசியில் பனிச்சறுக்கில் வந்து வெப்பமானி பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். அந்த வாரம்தான் பெரிய புயல். மற்ற மரம் எல்லாம் பனிக்கு அடியில் இருந்திருக்கும். குடிசையைச் சுற்றித் தடி நட்டு அடையாளம் வைத்தது அந்த ஒரு கட்டைக்குத்தான், அதுவும் அவளே நட்ட தடி.

அதில் என்ன தப்பு? உயிர் முக்கியம் இல்லையா? ஏன் தண்ணீர் அடித்துப் போனது என்று எழுதச் சொன்னாள்? ஆராய்ச்சி போய்விடும் என்று பயமா? இல்லை, ஏன் விறகு இல்லை என்று கேட்பார்கள், அப்பா மாட்டுவார் என்றா?

அப்பாவும் அதனால்தான் பொய் சொல்லியிருக்கிறார். கட்டையைத் தெரியாமல் அறுத்தால் அது தவறு. ஏப்ரலில் ஒரு குடிசையை விறகில்லாமல் விட்டால், இந்த ஊரில் அதற்குப் பெயரே கிடையாது. யாரும் திட்டமாட்டார்கள். பேசமாட்டார்கள், அவ்வளவுதான்.

அறுத்தது தைமி என்று அறியாமலே அவர் தன் தலையில் போட்டுக்கொண்டார். அப்பா தன் பெயரைச் சொல்லிவிட்டது தைமிக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதுவும் நான். யாரிடம் சொல்ல? அப்பாவைக் காப்பாற்றினால் தைமியின் உதவித்தொகை போகும். தைமியைக் காப்பாற்றினால் அப்பாவின் வேலை போகும். சும்மா இருந்தாலும் ஒருத்தரைக் கொடுத்த மாதிரிதான்.

எனக்கு ஒண்ணுமே புரியல.

ஆகஸ்ட் 2

தைமியிடம் சொல்லிவிடலாம் என்று கூடாரம் வரைக்கும் போனேன்.

"சொல்ல வந்தத சொல்லு" என்றாள்.

"நாளைக்கு மழை வரும்."

"அதச் சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்த?"

மழை வரவும் இல்லை.

ஆகஸ்ட் 14

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இரண்டு பேர் வந்தார்கள். ஹெல்வி என்ற பேராசிரியை, அறுபதுக்கு மேல் இருக்கும், நடைக்கோலோடு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். அந்தெரோ அறக்கட்டளைக்காரர், புது பூட்ஸ், குதிகாலில் கொப்புளம். அப்பாதான் படகில் ஏற்றி வந்தார். தைமி கட்டை கட்டையாக நிறுத்தி விளக்கினாள். நன்றாகத்தான் விளக்கினாள். ஹெல்வி மண்டியிட்டுப் பட்டைக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தார். ஒரு தடவை "அடடே" என்றுகூடச் சொன்னார்.

குக்கெலிக் குடிசையில் காப்பிக்கு உட்கார்ந்தோம். நான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். ஏலக்காய் ரொட்டியையும் சர்க்கரையையும் மேசையில் வைத்தேன்.

"ஏழு எங்க?" என்றார் ஹெல்வி.

"அது... தண்ணியில..." என்று தைமி ஆரம்பித்தாள்.

அந்தெரோ குறுக்கிட்டு அப்பாவைப் பார்த்தார். "அலுவலகத்துல வேற மாதிரி சொன்னாங்களே. ராய்மோ, நீங்க அறுத்துட்டதா?"

தைமி சட்டென்று அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது.

"ஆமா, நான்தான்" என்றார் அப்பா.

"எதுக்கு?"

"விழுந்த மரம்னு நெனச்சேன்."

"முனையில நீலப் பெயின்ட் அடிச்சு, பக்கத்துல தடி நட்டு, எண் போட்ட விழுந்த மரம்" என்றார் ஹெல்வி.

"கண்ணு முன்ன மாதிரி இல்ல."

என் அப்பா ஏரிக்கு அக்கரையில் நிற்பது காட்டுமானா வளர்ப்பு மானா என்று சொல்லக்கூடியவர். தலையைக் குனிந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தைமியும் குனிந்துகொண்டாள். வாயைத் திறந்தாள், மூடினாள். திறந்தாள், மூடினாள். எனக்கு அந்த வகுப்பறை ஞாபகம் வந்தது. எழுந்து நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே.

பேச எனக்கு வரவில்லை. பையிலிருந்து குச்சியை எடுத்து மேசையில் சர்க்கரைக்குப் பக்கத்தில் வைத்தேன். நீலமுனை மேலே இருக்கும்படி.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தைமிக்குப் புரிந்தது. குச்சியைப் பார்த்தாள். தன் இடது கையைப் பார்த்தாள். கையை மேசைக்கு அடியில் இறக்கினாள். அப்புறம் மேலே எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நான் சீவினது. கட்டையையும் நான்தான் அறுத்தேன், இங்க இருக்குற கைரம்பத்தால. ஏப்ரல்ல, புயல்ல. ரெண்டு ராத்திரி வெளிய போக முடியல. விறகு... தீர்ந்துபோச்சு."

"முழுசும் எரிச்சிட்டியா?" என்றார் ஹெல்வி.

"பாதி."

"மீதி?"

அவள் காது சிவந்துவிட்டது. "துண்டு போட்டு அடுப்புகிட்ட அடுக்கினேன். அடுத்து வர்றவங்களுக்கு."

"பாதிக் கட்டை இருந்தாலே உனக்குப் போதுமேம்மா" என்றார் அந்தெரோ. "மிச்ச அளவெல்லாம் அதுலயே எடுத்திருக்கலாமே."

"தெரியும். காலையில வானம் வெளுத்திருச்சு, கிளம்பணும். விறகு வெக்காம எப்படிக் கதவச் சாத்துறது? கோடாலிய எடுத்தேன். சின்ன வயசுலேர்ந்து செய்யறதுதானே, கை பாட்டுக்குச் செஞ்சுது. குச்சி சீவி முடிச்சு கீழ வெக்கிறப்பதான் நீலத்தைப் பாத்தேன்."

அந்தெரோ ரொட்டியைக் கடித்தார். யாரும் சிரிக்கவில்லை. நான் அவரைக் கவனித்தேன். அந்த இடத்தில் தானும் அதையேதான் செய்திருப்போம் என்று தோன்றிவிட்ட முகம்.

"அப்ப தண்ணி அடிச்சிட்டுப் போனதுன்னு ஏன் எழுதின?" என்றார் ஹெல்வி.

அப்பா இருந்த பக்கம் பார்க்கக் கூடாது என்று தைமி கஷ்டப்பட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

அப்போது அப்பா எழுந்து நின்றார். கூரை தாழ்வு, தலை இடித்தது.

"தீர்ந்துபோகல" என்றார். "இருக்கவே இல்ல. நான் கொண்டாரல. வண்டி கெட்டுக் கெடந்துச்சு. கொண்டாந்துட்டேன்னு ஆபீசுக்குச் சொல்லிட்டேன். இந்தப் பொண்ணு இங்க செத்திருக்கும்."

அவ்வளவு வார்த்தையை ஒன்றாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஹெல்வி குச்சியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"காப்பி என்ன ஆச்சு பொண்ணே? இந்தா. இது எதுக்குச் சீவினதோ அதுக்கே ஆகட்டும்."

ஒரே தீக்குச்சியில் பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 15

நான் செய்தது சரியா? ஒருத்தரையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தேன். இரண்டு பேரையுமே மாட்டிவிட்டேனா?

ஆகஸ்ட் 17

அப்பா மூன்று நாளாகப் பேசவில்லை. எப்போதும் பேசாதவர்தான், இது வேறு மாதிரி. இன்று சௌனா நீராவிக் குளியலறைக்குத் தண்ணீர் சுமக்கும்போது, "நல்லதுக்குத்தான்னு நெனைக்கிறேன்" என்றார். நாலு எட்டு போனதும் திரும்பி, "தெரியல" என்றார்.

எனக்கும் அதுதான்.

ஆகஸ்ட் 24

அலுவலகத்துக்கு அப்பாவைக் கூப்பிட்டார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு போனார். வேலை இந்தக் குளிர்காலம் வரைக்கும் அவரிடமே இருக்குமாம், ஆனால் கூட இன்னொருவர் போய், விறகு போட்டதைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"யாருன்னு கேட்டாங்க. உன் பேரச் சொன்னேன்."

"என்னையா?"

"நான் பொய் சொன்னா மேசையில குச்சிய வெக்கிற ஆளு வேற யாரு இருக்கா?"

கிண்டலா கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

செப்டம்பர் 7

தைமிக்கு முடிவு வந்துவிட்டது. கடைசி ஆண்டுக்கு உதவித்தொகை இல்லை.

கட்டையை எரித்ததற்காக அல்லவாம். புயலில் யாராக இருந்தாலும் எரித்திருப்பார்கள் என்று ஹெல்வியே எழுதியிருக்கிறார். தண்ணீர் அடித்துப் போனது என்று எழுதினாளே, அதற்கு. நான்தான் அதை எழுதினேன். என் கையெழுத்து.

கூடாரத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"ஏய், நீ இல்லேன்னா உங்கப்பா தலையில போட்டுட்டு நான் சும்மா உக்காந்திருப்பேன். உண்மையாவே உக்காந்திருப்பேன் ஹில்லா. வாய் வரல எனக்கு. அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பணத்துல வண்டு எண்ணிட்டு இருந்திருக்கணும்."

நிஜமாகத்தான் சொல்கிறாளா, என்னைத் தேற்றவா?

செப்டம்பர் 8

பஸ் ஏறினாள். ஓவுலுவில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஏறும்போதுதான் சொன்னாள், அதுவும் போகிற போக்கில். வசந்தத்தில் மறுபடி விண்ணப்பிக்கலாமாம், ஆனால் குளிர்கால அளவுகள் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். மாதம் இரண்டு தடவை பேக்கரியை விட்டு வர முடியாது. "அதனால அது ஆகாது. விடு."

அளவு எடுத்துத் தருவாயா என்று என்னிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? மறுபடியும் அப்பாவின் பனிவண்டியை நம்பி இருக்க வேண்டாம் என்றா? நான் போன் பேசமாட்டேன் என்றா?

பஸ் கிளம்பிவிட்டது. நான் எடுக்கிறேன் என்று சொல்லவில்லை. பிர்க்கோ கடை வாசலில் நின்று, "கை ஆட்டுடீ, அதுக்குமா வாய் வேணும்?" என்றாள்.

செப்டம்பர் 30

ஒன்றும் இல்லை. உறைபனி.

அக்டோபர் 13

தைமியின் கட்டைகள் அப்படியே காட்டில் கிடக்கின்றன. வெப்பமானிகளை அவள் பிடுங்கவில்லை. பிடுங்க நேரமில்லை என்றாள். நேரம் இருந்தது.

அக்டோபர் 27

போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

நவம்பர் 3

நல்ல பனி விழுந்து கெட்டிப்பட்டுவிட்டது. அப்பாவும் நானும் விறகு ஏற்றிக்கொண்டு போனோம். புது பெல்ட் நன்றாக இழுக்கிறது. குக்கெலிக் குடிசையில் விறகை இறக்கி அடுக்கிய பிறகு, "பாத்துக்கோ பொண்ணு, நீதான் சொல்லணும்" என்றார். விறகுக் கொட்டகையைப் பார்த்தேன். கூரை வரைக்கும் இருந்தது.

"அப்பா, நான் கொஞ்சம் சுத்திட்டு வரேன்."

எங்கே என்று கேட்கவில்லை. வண்டிச் சாவியைக் கொடுத்தார். அவர் குச்சி சீவ உட்கார்ந்தார்.

தைமியின் கட்டைகளுக்குத் தடி தடியாகப் போனேன். பனியைக் கையால் ஒதுக்கி வெப்பமானியைப் படித்தேன். பென்சில் நுனி குளிரில் எழுதவில்லை, வாயில் வைத்து வைத்து எழுதினேன். கடைசிக் கட்டை முடிந்தபோது வெளிச்சம் குறைந்துவிட்டது. குளத்துக்கு மேலே முகட்டில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். வண்டியை நிறுத்திவிட்டு ஏறித் தைமியைக் கூப்பிட்டேன்.

மணி அடித்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பின்னால் தட்டுகள் உரசும் சத்தத்தோடு அவள் குரல்.

"ஹலோ? யாரு? ...ஹில்லா? என்ன ஆச்சு? அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. எழுத ஏதாவது இருக்கா உன்கிட்ட?"

தட்டு உரசும் சத்தம் நின்றது.

"இருக்கு" என்றாள். "சொல்லு."

ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். ஆறு வரைக்கும் சொன்னேன். ஏழு இல்லை என்றேன். எட்டைச் சொன்னேன்.